எஸ்எஸ்ஐ வாங்கும் பிள்ளை வேலைக்குப் போகிறானா? மாதாமாதம் 6ஆம் தேதிக்குள் ஒரு வேலை இருக்கிறது

அமெரிக்காவில் எஸ்எஸ்ஐ (வருமானமும் சேமிப்பும் குறைவாக உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியவர்களுக்கும் அரசு மாதாமாதம் தரும் உதவித்தொகை) வாங்குகிறவர் வேலைக்குப் போனால், ஒவ்வொரு மாதச் சம்பளத்தையும் சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். முன்பெல்லாம் பே ஸ்டப்பை (சம்பளச் சீட்டை) நகல் எடுத்துத் தபாலில் அனுப்புவார்கள், அல்லது அலுவலகத்தில் போய் வரிசையில் நிற்பார்கள். இப்போது அதற்கென்றே ஒரு செல்பேசி ஆப் இருக்கிறது. ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் இலவசம். முந்தைய மாதச் சம்பளத்தைப் போட்டு அனுப்பினால் ரசீது வந்துவிடும். பழகிவிட்டால் இரண்டு, மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகாது.

மாற்றுத்திறனாளிகள் வேலையில் சேரும்போது அவர்களுடைய அரசு உதவிகள் எப்படி மாறும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் தொழில். என்னிடம் வரும் தமிழ்க் குடும்பங்களில் முக்கால்வாசி ஒரே மாதிரிதான்: அப்பா ஐடியில், ஆட்டிசம் உள்ள பையனோ பெண்ணோ வீட்டில். பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை பெற்றோர் வருமானத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள் என்பதால் எஸ்எஸ்ஐ கிடைத்திருக்காது. 18 முடிந்தால் பிள்ளையின் சொந்த வருமானமும் சேமிப்பும்தான் கணக்கு. அம்மாவையோ அப்பாவையோ ரெப்ரசென்டேடிவ் பேயீயாக, அதாவது பிள்ளை சார்பில் உதவித்தொகையை வாங்கி நிர்வகிப்பவராக, நியமிப்பார்கள். கொஞ்ச நாளில் பள்ளியோ வேலைவாய்ப்பு நிறுவனமோ பிள்ளைக்கு மளிகைக் கடையில் தள்ளுவண்டி அடுக்கும் வேலை, உணவகத்தில் மேசை துடைக்கும் வேலை என்று ஏதாவது பார்த்துக் கொடுக்கும். வீட்டில் சந்தோஷம், ஒரு நல்ல படம் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவுக்குப் போகும். சம்பளத்தைத் தெரிவிக்கும் பொறுப்பு பேயீயின் தலையில் வந்து உட்கார்ந்திருப்பது அப்போது யாருக்கும் நினைவிருக்காது.

ஆப் பயன்படுத்துவது சுலபம். அதில் போடும் தொகையில்தான் குடும்பங்கள் தடுக்கி விழுகின்றன.

முதலில் கிராஸும் நெட்டும். ஆப் கேட்பது பிடித்தம் போவதற்கு முந்தைய முழுச் சம்பளம். வங்கியில் வந்து விழுவதோ பிடித்தம் போக மிச்சம். என்னிடம் வந்த ஒரு அப்பா, மாதம் தவறாமல் வங்கி ஆப்பைத் திறந்து, வந்த தொகையைக் கூட்டி, அப்படியே அறிவித்து வந்தார். பையனுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 390 டாலர் கிராஸ். சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரிகளாக 7.65 சதவீதம் போக, கையில் 360 டாலர் 16 சென்ட். இரண்டு சம்பளம் வரும் மாதத்தில் அறிவிக்க வேண்டியது 780; அவர் அறிவித்தது 720. வித்தியாசத்தில் பாதி (ஏன் பாதி என்பதைக் கீழே சொல்கிறேன்), அதாவது சுமார் 30 டாலர், ஒவ்வொரு மாதமும் கூடுதலாக வந்துகொண்டே இருந்திருக்கிறது. கம்பெனி அரசுக்குக் கொடுக்கும் சம்பள விவரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது மாட்டிக்கொண்டது. கூடுதலாகக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லி வந்த கடிதத்தைப் பார்த்து அவர் நொந்துபோனார். "நான் ஒரு மாசம்கூட விட்டதில்லையே மேடம்" என்றார். உண்மைதான், அவர் விட்டதில்லை.

அடுத்தது மூன்று சம்பள மாதம். எஸ்எஸ்ஐயில், எந்த மாதம் உழைத்தான் என்பதைப் பார்ப்பதில்லை; எந்த மாதம் சம்பளம் கைக்கு வந்தது என்பதுதான் கணக்கு. இரு வாரத்துக்கு ஒரு வெள்ளி சம்பளம் என்றால் ஆண்டில் 26 சம்பளம். ஆகவே வழக்கமாக இரண்டு மாதங்களில் மூன்று சம்பளம் விழும். இந்த 2026 ஜனவரியையே எடுங்கள்: 2, 16, 30 மூன்றும் வெள்ளிக்கிழமை. 2ஆம் தேதிச் சம்பளம் டிசம்பர் உழைப்புக்கானதுதான், ஆனாலும் ஜனவரிக் கணக்கில் சேரும். அந்தப் பையனுக்கு ஜனவரியில் 780 அல்ல, 1,170 டாலர்.

இதை வைத்தே உதவித்தொகைக் கணக்கைப் பார்த்துவிடலாம். 2026இல் தனிநபருக்கான முழு எஸ்எஸ்ஐ மாதம் 994 டாலர் (சில மாநிலங்கள் மேலே கொஞ்சம் சேர்த்துத் தரும்). சம்பளத்தில் முதல் 85 டாலரை விட்டுவிடுவார்கள்: பொதுவாக 20, உழைத்துச் சம்பாதித்ததற்கு 65. மிச்சத்தில் பாதியை உதவித்தொகையிலிருந்து கழிப்பார்கள். 780 டாலர் மாதத்துக்கு 347.50 கழிந்து 646.50 வரும். 1,170 டாலர் மாதத்துக்கு 542.50 கழிந்து 451.50 வரும். மூன்றாவது சம்பளத்தைச் சொல்லாமல் விட்டால் ஒரே மாதத்தில் 195 டாலர் கடன். இந்த 20, 65 டாலர் விலக்குகள் 1974இல் திட்டம் தொடங்கியபோது இருந்தவை, இன்றுவரை ஒரு டாலர்கூட ஏறவில்லை. வேலைக்குப் போ, போ என்று சொல்லும் அரசு செய்கிற வேலையா இது என்று எனக்கு எப்போதும் எரிச்சல்தான்.

கழிப்பது உடனே நடக்காது, இரண்டு மாதம் கழித்துத்தான். ஜனவரியில் வாங்கிய சம்பளம் மார்ச் மாதத் தொகையில் தெரியும். 6ஆம் தேதிக்குள் அறிவியுங்கள் என்று சொல்வதும் இதனால்தான். சட்டப்படியான கெடு அடுத்த மாதம் 10ஆம் தேதி. ஆனால் பிப்ரவரி 6க்குள் சொன்னால் மார்ச் தொகையை ஒழுங்காகக் கணக்கிட்டு அனுப்ப நேரம் இருக்கும். தாமதமாகச் சொன்னால் பழைய மதிப்பீட்டின்படி பணம் போய்விடும், அப்புறம் திருப்பிக் கேட்பார்கள். தக்க காரணமில்லாமல் தாமதித்தால் முதல் தடவை 25 டாலர், அடுத்து 50, அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் 100 டாலர் அபராதமும் உண்டு. மறந்துபோகும் என்று பயமிருந்தால், மாதம் பிறந்ததும் மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ நினைவூட்டச் சொல்லி அவர்களிடமே பதிந்துவைக்கலாம்.

பெயர் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆப்பில் போடும் பெயரும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் அவர்களுடைய பதிவோடு பொருந்த வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், பள்ளியில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, கம்பெனி எச்ஆரில் முன்னும் பின்னும் மாறி இன்னொரு மாதிரி. சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் அப்படியே போடுங்கள். அட்டையிலேயே தப்பு இருந்தால் அதை முதலில் திருத்துங்கள்.

ஆப்பில் சொல்ல முடியாதவைதான் என் அனுபவத்தில் அதிகப் பணத்தைத் தின்கின்றன. அது சம்பளத்தொகையை மட்டும் வாங்கிக்கொள்ளும். பையன் இன்னும் பள்ளியில் படிக்கிறானா என்று கேட்காது. 22 வயதுக்கு உட்பட்ட மாணவருக்குச் சம்பளத்தில் பெரிய விலக்கு இருக்கிறது: 2026இல் மாதம் 2,410 டாலர் வரை, ஆண்டுக்கு மொத்தம் 9,730 டாலர் வரை கணக்கில் எடுக்கவே மாட்டார்கள். அந்த 390 டாலர் பையன் 20 வயது மாணவனாக இருந்தால் ஜனவரிச் சம்பளத்துக்கு ஒரு காசுகூடக் குறையக் கூடாது. முழு 994 வர வேண்டும். சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைகள் 21 வயது வரை பள்ளியில் இருப்பது சாதாரணம். பள்ளி என்றால் வாரம் 12 மணி நேரம், கல்லூரி என்றால் 8 மணி நேரம் வகுப்பு இருந்தால் போதும். ஆனால் பிள்ளை மாணவன் என்பது அலுவலகப் பதிவில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால், அம்மா நல்லபடியாக மாதாமாதம் அறிவிப்பார், அலுவலகமும் நல்லபடியாக மாதாமாதம் குறைக்கும். பள்ளியிடம் ஒரு கடிதம் வாங்கி நேரில் கொடுத்து, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள்.

உடல்நிலை காரணமாக வேலைக்குப் போவதற்கென்றே கைக்காசைச் செலவழிக்கிறீர்கள் என்றால் அதுவும் இப்படித்தான். பஸ்ஸில் போக முடியாத பிள்ளைக்குச் சிறப்பு வாகனக் கட்டணம், வேலை நேரத்தில் தேவைப்படும் மருந்து போன்றவற்றைச் சம்பளத்திலிருந்து கழித்துக் காட்ட வழி உண்டு. ஆப்பில் நீங்களாகவே கழித்துவிட்டு மிச்சத்தைப் போடக் கூடாது. கிராஸை முழுசாகப் போடுங்கள், ரசீதுகளை அலுவலகத்தில் கொடுத்துக் கழிக்கச் சொல்லுங்கள்.

ஊபர், டோர்டாஷ், வீட்டில் செய்து விற்கும் முறுக்கு இதெல்லாம் சம்பளக் கணக்கில் வராது, சொந்தத் தொழில். அதன் நிகர வருமானத்தை ஆண்டின் 12 மாதங்களுக்கும் சமமாகப் பிரித்துப் பார்ப்பார்கள். அதற்கு இந்த ஆப் உதவாது, அலுவலகத்தில்தான் பேச வேண்டும். எஸ்எஸ்டிஐ (வேலை செய்து கட்டிய சோஷியல் செக்யூரிட்டி வரியின் பேரில் மாற்றுத்திறனாளிகளுக்கு வரும் தொகை) வாங்குபவர்களுக்கும் இது பொருந்தாது. அப்பா ஓய்வு பெற்றதும் அவர் கணக்கிலிருந்து பிள்ளைக்கு மாதப் பணம் வரத் தொடங்கியிருந்தால் அது வேறு திட்டம், விதியும் வேறு. அவர்கள் மை சோஷியல் செக்யூரிட்டி இணையக் கணக்கு வழியாகத் தெரிவிக்கலாம்.

சரி, ரசீதுக்கு வருவோம். அனுப்பியதும் வரும் ரசீதைச் சேமிக்காமல் ஆப்பை மூடிவிடுகிறார்கள். அறிவித்த தொகை அலுவலகத்தின் கணக்கில் ஏறாமல் போவதும் நடக்கும், ஏறியும் உதவித்தொகை மாறாமல் இருப்பதும் நடக்கும். அப்போது உங்கள் பக்கம் பேச அந்த ரசீது ஒன்றுதான் இருக்கும். மாதத்துக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, அந்த மாதப் பே ஸ்டப்புகளையும் ரசீதையும் அதில் வையுங்கள். பே ஸ்டப்பைக் கம்பெனியின் இணையதளத்தில் விட்டுவைக்க வேண்டாம். வேலையை விட்ட பிறகு உள்ளே நுழைய முடியாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்று தொலைந்துவிட்டால், அடுத்த ஸ்டப்பில் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து கூட்டிக் காட்டும் மொத்தம் இருக்கும். அதிலிருந்து முந்தைய ஸ்டப்பின் மொத்தத்தையும் இந்த ஸ்டப்பின் தொகையையும் கழித்தால் தொலைந்த சம்பளம் கிடைத்துவிடும்.

இரண்டு மாதம் கழித்து வரும் தொகையையும் பாருங்கள். நீங்கள் போட்ட கணக்குக்கும் வந்த பணத்துக்கும் வித்தியாசம் இருந்தால் உடனே கேளுங்கள். அதிகமாக வந்தால் செலவழிக்காமல் தனியே எடுத்துவையுங்கள். ஆனால் அதையும் எஸ்எஸ்ஐ கணக்கிலேயே சேரவிட்டால் வேறு வம்பு: தனிநபர் சேமிப்பு 2,000 டாலரைத் தாண்டக் கூடாது. 1989இலிருந்து அதே 2,000தான். ஏபிள் கணக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கான தனிச் சேமிப்புக் கணக்கு) தொடங்கிப் பிள்ளையின் சம்பளத்தை அதில் போடுவது பற்றி யோசியுங்கள். அதில் ஒரு லட்சம் டாலர் வரை அந்த 2,000 டாலர் வரம்பில் சேராது.

திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது என்றால் அதை மேசை இழுப்பறையில் போட்டுவிடாதீர்கள். கணக்கே தப்பு என்று தோன்றினால் எஸ்எஸ்ஏ-561 படிவத்தில் 60 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். கணக்கு சரிதான், ஆனால் தவறு நம்முடையது அல்ல, கட்டவும் வசதியில்லை என்றால் எஸ்எஸ்ஏ-632 படிவத்தில் தள்ளுபடி கேட்கலாம். அதற்குக் கெடு கிடையாது, ஆனால் 30 நாளுக்குள் கேட்டுவிட்டால் முடிவு வரும்வரை பிடித்தம் தொடங்காது. மேலே சொன்ன அப்பா மாதாமாதம் சேர்த்துவைத்த ரசீதுகளைத்தான் கொண்டுபோனார். தொகை குறைவுதான், ஆனால் மறைக்கும் எண்ணம் இல்லை என்பதற்கு அவை போதுமான சான்றாக இருந்தன. பிடித்தாலும் எஸ்எஸ்ஐயில் பொதுவாக மாத வருமானத்தில் 10 சதவீதத்துக்கு மேல் பிடிக்க மாட்டார்கள்.

இத்தனை தொல்லை எதற்கு, வேலைக்கே போக வேண்டாம் என்று முடிவெடுக்கும் பெற்றோர் உண்டு. கடைக்காரரிடம் சம்பளத்தை ரொக்கமாகக் கொடுக்கச் சொல்லிப் பேசியவரும் உண்டு. இரண்டையும் நான் ஏற்க மாட்டேன். தெரிந்தே மறைத்தால் முதல் தடவையே ஆறு மாதம் உதவித்தொகை நிற்கலாம். கணக்கையும் பாருங்கள்: 780 டாலர் சம்பாதித்து 347.50 போனாலும் மொத்தம் 1,426.50 வருகிறது. வேலையே செய்யாவிட்டால் 994தான். பெரிய பயம் மெடிகெய்டு என்ற அரசு மருத்துவக் காப்பீடு பற்றியது. சம்பளம் ஏறி எஸ்எஸ்ஐ பூஜ்யமானாலும் 1619பி என்ற விதியின் கீழ், மாநிலத்துக்கு மாநிலம் மாறும் ஒரு வரம்பு வரை மெடிகெய்டு தொடரும். ஆனால் அதற்கும் நீங்கள் சம்பளத்தை ஒழுங்காக அறிவித்திருக்க வேண்டும்.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் 1-866-772-0953 என்ற இலவச எண்ணில் தானியங்கி வழியாகச் சம்பளத்தைச் சொல்லலாம். ஆப்பை அதிகாரபூர்வ ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள், வெளியிட்டது சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகம்தானா என்று பாருங்கள். சம்பளம் அறிவிக்க இங்கே அழுத்தவும் என்று குறுஞ்செய்தியில் வரும் லிங்க்கில் எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள்.

வேலை நின்றுபோனாலும் சொல்ல வேண்டும். ஆப்பில் எதுவும் போடாமல் விட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பழைய சம்பளத்தையே மதிப்பீடாக வைத்து உதவித்தொகையைக் குறைத்துக்கொண்டிருப்பார்கள். கடைசி வேலை நாளும் கடைசிச் சம்பளத் தேதியும் குறித்து ஒரு கடிதம் கம்பெனியிடம் வாங்கி அலுவலகத்தில் கொடுங்கள். அந்தக் கடைசிச் சம்பளம் அடுத்த மாதம் வந்தால், அந்த மாதத்துக்கும் ஒருமுறை அறிவிக்க வேண்டியிருக்கும்.