ஒரு பல்லை மட்டும் நேராக்க முடியுமா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் பல் பார்க்கிறவர்களுக்குக் கல்யாண சீசன் வந்தாலே இந்தக் கேள்விதான். "டாக்டர், இந்தத் தெத்துப்பல் ஒண்ணைத்தான் சரி பண்ணணும். வாய் முழுக்கக் கம்பி வேணாம். தை மாசம் கல்யாணம்."

சிலருக்கு முடியும். ஆனால் நான் முதலில் அளப்பது அந்தப் பல் உட்கார வேண்டிய இடத்தை. பல்லின் அகலம் 7 மி.மீ., கிடைக்கும் இடம் 5 மி.மீ. என்றால் மீதி 2 மி.மீ. எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். பக்கத்துப் பற்களின் ஓரத்தை லேசாகத் தேய்த்துக் கொஞ்சம் எடுக்கலாம். இரண்டு பல் தொடும் இடத்தில் சுமார் அரை மி.மீ. வரைதான். அதற்கும் போதாவிட்டால் வரிசையை விரிக்க வேண்டும், இல்லை ஒரு பல்லைப் பிடுங்க வேண்டும். ஒரு பல்லுக்காக வரிசை முழுக்கக் கம்பி போடச் சொல்வது இதனால்தான், பில்லை ஏற்றுவதற்காக இல்லை!

இடம் இருந்து பல் கொஞ்சம் சாய்ந்திருந்தால், முன்பற்களுக்கு மட்டும் கம்பியோ, சில அலைனர்களோ (கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறைகள்) போதும். அலைனரை நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் போட வேண்டும். மாமாக் உணவுக்கடையில் தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடிக்கக் கழற்றி டிஷ்யூவில் சுற்றி வைப்பார்கள். மேசை துடைக்கிற தம்பி குப்பையோடு அள்ளிக்கொண்டு போய்விடுவார். நன்றாகத் திரும்பிப்போன கோரைப்பல்லுக்கு எனக்குக் கம்பிமேல்தான் நம்பிக்கை. பல் மாதத்துக்கு ஏறக்குறைய 1 மி.மீ. நகரும், கல்யாணத் தேதியைச் சொல்லி அதை அவசரப்படுத்த முடியாது.

அவசரத்துக்கு வெனீர், அதாவது பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய ஓடு, கேட்பார்கள். கோணலை மறைக்க நல்ல பல்லையே செதுக்க வேண்டிவரும். போன எனாமல் (பல்லின் கெட்டியான மேல்படலம்) திரும்ப வளராது.

நாற்பது வயதுக்கு மேல் திடீரென ஒரு பல் விலகினால் கம்பியை மறந்துவிட்டு ஈறைக் காட்டுங்கள், சர்க்கரை உள்ளவர்கள் கட்டாயம். ஈறு நோயோடு பல்லை நகர்த்தினால் எலும்பு இன்னும் வேகமாகக் கரையும்.

வீட்டிலோ ஹோட்டல் அறையிலோ மலிவாகக் கம்பி ஒட்டுகிறவர்களிடம் போகாதீர்கள். 2018 பல் மருத்துவச் சட்டப்படி பதிவில்லாதவர் இதைச் செய்வது குற்றம். மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

கம்பி கழற்றியபின், பல்லை அதே இடத்தில் நிறுத்தி வைக்க ரிடெய்னர் உண்டு. திருப்பி வைத்த பல்லை ஈறு நார்கள் பழைய பக்கமே இழுக்கும். அதனால் பின்பக்கம் மெல்லிய கம்பி ஒட்டுவோம், இல்லையென்றால் கழற்றி மாட்டும் ரிடெய்னரை இரவில் போடச் சொல்வோம். சிகிச்சைக் கட்டணம் கேட்கும்போதே அதையும் சேர்த்துக் கேளுங்கள். சில இடங்களில் அதற்குத் தனி பில்.