கேபிள் புதுசு, பேக்கப் போவதோ பழைய வழியில்

கணினியிலும் நாஸிலும் (நெட்வொர்க்கில் இணையும் சேமிப்புப் பெட்டி) சும்மா கிடக்கும் 2.5 ஜிகாபிட் போர்ட்டுகளை ஒரே கேபிளால் நேராக இணைத்தாயிற்று. பேக்கப் வேகமோ விநாடிக்கு 118 மெகாபைட்டைத் தாண்டவில்லை. ஏன் என்று பலரும் கேட்கிறார்கள். அந்த 118தான் துப்பு. 1 ஜிகாபிட் லைனில் ஹெட்டர்கள் (ஒவ்வொரு பாக்கெட்டின் முகவரிச் சீட்டு) போக மிஞ்சுவது அவ்வளவுதான். தரவு இன்னும் ரூட்டரோடு இணைந்த பழைய 1 ஜிகாபிட் போர்ட் வழியாகவே போகிறது.

வழியை முடிவு செய்வது ரூட்டிங் டேபிள். பாக்கெட் கிளம்பும் முன், சேரவேண்டிய முகவரியை டேபிளின் வரிகளோடு கணினி ஒப்பிடும். வீட்டு நெட்வொர்க்குக்கான 192.168.1.0/24 என்ற வரி, முகவரியின் முதல் 24 பிட் பொருந்துகிறதா என்று பார்க்கும். 0.0.0.0/0 ஒரு பிட்டைக்கூடப் பார்க்காது. வேறெதுவும் பொருந்தாவிட்டால் அதற்கு வேலை, அது காட்டுவதுதான் கேட்வே, அதாவது வெளியே போகும் வாசலான ரூட்டர். பொருந்தும் வரிகளில் அதிக பிட் உள்ளதே ஜெயிக்கும். இணையத்தின் முதுகெலும்பில் இருக்கும் ராட்சத ரூட்டர்களும் மேசைக்கடியில் இருக்கும் கணினியும் நடப்பது இந்த ஒரே விதிப்படிதான். எத்தனை அழகு!

புதிய போர்ட்டுக்கும் 192.168.1 வரிசையிலேயே முகவரி கொடுத்தால் இரண்டு வரிகள் சமமாகிவிடும். பிறகு மெட்ரிக் எண் (வரியின் முன்னுரிமை, சிறியது ஜெயிக்கும்) எதைக் காட்டுகிறதோ அதுதான் வழி. ரூட்டரையே அந்தத் தனிக் கேபிளில் தேடி இணையம் அறுந்துபோவதும் உண்டு. லினக்ஸில் ஒரு போர்ட்டின் முகவரிக்கான ஏஆர்பி கேள்விக்கு (இந்த முகவரி யாருடையது என்ற கேள்வி) மற்ற போர்ட்டும் பதில் சொல்லும்.

ஆகவே புதிய போர்ட்டுகளுக்குத் தனி சப்நெட், அதாவது தனி முகவரி வரிசை: கணினிக்கு 10.10.10.1, நாஸுக்கு 10.10.10.2, மாஸ்க் 255.255.255.0 (அதே /24தான்). கேட்வே, டிஎன்எஸ் இரண்டையும் காலியாக விடுங்கள். பலர் சறுக்குவது அடுத்த இடத்தில்: பேக்கப் மென்பொருளில் நாஸின் பெயர் இருந்தால் அது பழைய முகவரியைத்தான் கண்டுபிடிக்கும். அங்கே 10.10.10.2 என்றே எழுதுங்கள். கேட்வே இல்லாத இணைப்பை விண்டோஸ் பொது நெட்வொர்க்காக எடுத்துக்கொள்ளும். நாஸ் தானாக வந்து ஃபைல்களை இழுக்கும் ஏற்பாடென்றால் ஃபயர்வால் தடுத்துவிடும்.

கேபிளுக்கு கேட் 5இ போதும். கேட் 8 வாங்குவது வீண் செலவு. லிங்க் 100 மெகாபிட் என்று காட்டினால் நான்கு ஜோடிக் கம்பிகளில் ஒன்று விட்டுப்போயிருக்கும். முனையை மறுபடி கிரிம்ப் செய்யுங்கள். ஜம்போ ஃபிரேம் (ஒரு பாக்கெட்டின் அளவை 1500 பைட்டிலிருந்து 9000 வரை கூட்டுவது) தருவது 4-5 சதவீத லாபம். நடுவில் அதைத் தாங்காத சுவிட்ச் இருந்தால் ஃபோல்டர் திறக்கும், பெரிய ஃபைல் மட்டும் நின்றுவிடும். 1500-லேயே இருக்கட்டும்.

கடைசியில், லைனின் வேகத்தை மட்டும் அளக்கும் ஐபெர்ஃப்3 மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். 2.35 ஜிகாபிட் வந்தால் லைன் சரி. 2 டெராபைட் நகல், 4 மணி 42 நிமிடத்திலிருந்து 2 மணிக்குள் இறங்கும். ஐபெர்ஃப் சரியாக வந்தும் நகல் மெதுவாகப் போனால், தேடவேண்டியது ஹார்ட் டிஸ்க்கில்.