நாட்டுக்கோழிப் பண்ணை மானியம்: ஐந்தாம் மாதத் தீவனம் யார் பொறுப்பு?

தமிழக அரசின் சிறிய அளவிலான நாட்டுக்கோழிப் பண்ணைத் திட்டத்தில், 250 கோழிகள் வளர்க்க ஆகும் செலவில் பாதி மானியமாகக் கிடைக்கும். கொட்டகை, தீவனத்தட்டு முதலான சாமான்கள், 4 மாதத் தீவனம் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். 4 வாரக் குஞ்சுகள் இலவசம். குடியிருப்பை விட்டுத் தள்ளி 625 சதுர அடி நிலம் வேண்டும். அறிவிப்பு வரும்போது ஆதார், சிட்டா, அடங்கல், உங்கள் பங்குப் பணத்துக்கான வங்கிச் சான்று ஆகியவற்றோடு பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் விண்ணப்பிக்கலாம். கைம்பெண்கள், ஆதரவற்றோர், மாற்றுத்திறனாளிகள், திருநங்கைகளுக்கு முன்னுரிமை உண்டு.

இதோடு, பண்ணையை 3 ஆண்டு நடத்துவேன் என்று உறுதிமொழியும் எழுதித் தர வேண்டும். கொட்டகைக் கணக்கிலேயே மூழ்கியிருப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. தீவனத்துக்கு மானியம் 4 மாதம். உறுதிமொழி 36 மாதம். மிச்சம் 32 மாதமும் கோழிக்குப் பசிக்கும்.

கடைத் தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளம். எத்தனால் ஆலைகளும் அதையே வாங்குவதால் அதற்குப் போட்டி அதிகம். நம் டெல்டாவிலோ அரைவை மில்லுக்கு மில் குருணை, அதாவது நொறுங்கிய அரிசி, கிடக்கிறது. அதன் எரிசக்தி மக்காச்சோளத்துக்குப் பக்கத்தில் வரும். ஆனால் புரதம் 8 சதவீதம் அளவுக்குத்தான். வளரும் கோழிக்கு 16 சதவீதமாவது வேண்டும். அதனால் கடலைப் பிண்ணாக்கோ சோயாவோ சேர்க்காமல் குருணையை மட்டும் போட்டால் கோழி எடை பிடிக்காது. நாகப்பட்டினம் பக்கம் கருவாட்டுத்தூள் சேர்ப்பவர்கள் உப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உப்பு மிஞ்சினால் எச்சம் தண்ணீராகப் போகும். குருணைத் தீவனத்தில் மஞ்சள் கரு வெளுத்துவிடும், வாங்குபவர் முகம் சுளிப்பார். முருங்கைக்கீரை, அகத்தி, தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா கொடுத்தால் நிறம் திரும்பும்.

கம்பு கிடைத்தால் இன்னும் நல்லது. மக்காச்சோளத்தைவிடப் புரதம் கூடுதல். சோளம் என்றால் வெள்ளைச் சோளமாக வாங்குங்கள். சிவப்பில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம், செரிமானத்தைக் கெடுக்கும்.

ஐப்பசி மழையில்தான் ஆபத்து. மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி குருணையை இறுக்கிப் பாருங்கள். விரலைத் திறந்ததும் உதிராமல் கட்டியாக நின்றாலோ, முடை வாசம் அடித்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஈரத்தில் பிடிக்கும் பூஞ்சணத்தின் நஞ்சு கோழியின் கல்லீரலைத் தின்றுவிடும், வேகவைத்தாலும் போகாது. மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல் பலகை மேல் அடுக்குங்கள்.

தீவனத்தை ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒரு வாரம், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம். கலப்பு விகிதத்தை மருந்தகத்திலோ ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ கேட்டுக்கொள்ளுங்கள், முதல் 4 மாதம் முடிவதற்குள்ளேயே.