நேட்டிவ் வுட்லேண்ட்: தமிழில் நாட்டுமரக் காடு

‘நேட்டிவ் வுட்லேண்ட்’ என்பதைப் ‘பூர்வீக வனப்பகுதி’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். குற்றமில்லை, ஆனால் அரசாணை வாடை அடிக்கும். ஸ்காட்லாந்தில் எதைப் பிரித்துக் காட்ட அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள் என்பதும் அதில் தெரியாது.

முதலில் ‘நேட்டிவ்’. பிறப்பைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். மரங்களுக்குச் சொல்லும்போது, கடைசிப் பனியுகம் முடிந்தபின் மனிதர் கை படாமல் தானாக வந்து வேரூன்றியவை என்று பொருள். ஸ்காட்ஸ் பைன், பிர்ச், ரோவன், ஆல்டர், ஹேசல், ஓக், ஆஸ்பென் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். பீச் மரம் அங்கே செழித்து வளர்கிறது, ஆனாலும் சேராது. இங்கிலாந்தின் தென்பகுதியில்தான் அது சொந்த மரம்.

இந்த அடைமொழி அங்கே ஏன் இவ்வளவு முக்கியம்? ஸ்காட்லாந்து மலைச்சரிவுகளில் நட்டு வளர்த்த காடுகளில் பெரும்பங்கு சிட்கா ஸ்ப்ரூஸ். வட அமெரிக்காவின் மேற்குக் கரை மரம். டேவிட் டக்ளஸ் என்ற தாவரவியலாளர் 1831-இல் பிரிட்டனுக்கு அறிமுகப்படுத்தினார். முதல் உலகப் போரில் மரத்துக்குத் திண்டாடிய பிரிட்டன் 1919-இல் வனத்துறை ஆணையம் அமைத்தது. அதன்பின் வரிசை வரிசையாக நட்டுத் தள்ளினார்கள். உள்ளே போனால் வெளிச்சம் இருக்காது, தரையில் புல்கூட இருக்காது. 2006 முதல் 2013 வரை நடந்த கணக்கெடுப்பில், சொந்த மரங்களால் ஆன காடு நாட்டின் பரப்பில் சுமார் 4 சதவீதம்தான் என்று தெரிந்தது. மேல்விதானத்தில் பாதிக்கு மேல் சொந்த மரமாக இருந்தால்தான் அந்தக் கணக்கில் சேர்த்தார்கள்.

இதற்கு நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது: ‘நாட்டு’. நாட்டுக்கோழி, நாட்டுமாடு, நாட்டுத் தக்காளி என்று தினமும் சொல்கிறோம். எதிர்ச்சொல்லும் கையிலேயே இருக்கிறது: சீமைக்கருவேலத்தில் வரும் ‘சீமை’. (ஸ்காட்லாந்தே நமக்குச் சீமைதான். அந்தச் சீமையில் ஒரு சீமை மரம் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது என்று எழுத வேண்டியிருப்பதில் ஒரு வேடிக்கை உண்டு.)

அடுத்து ‘வுட்’. பழைய ஆங்கிலத்தில் ‘வுடு’. அறுத்த மரத்துக்கும் அதுதான் பெயர், மரம் நிறைந்த இடத்துக்கும் அதுதான். தமிழில் ‘மரம்’ என்பது நிற்கும் மரத்தையும் அறுத்த மரத்தையும் குறிக்கும், காட்டைக் குறிக்காது. ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் காட்டுக்குக் ‘கொல்யெ’ என்று தனிச்சொல். ரானோக் ஏரியின் தென்கரையில் இருக்கும் பழைய பைன் காட்டுக்குக் ‘கொல்யெ டூ’ என்று பெயர். நேர்த் தமிழில் கருங்காடு. பைனுக்கு அங்கே ‘கியூஸ்’. கிங்யூசி என்ற ஊர்ப்பெயருக்குப் ‘பைன் காட்டின் தலைப்பகுதி’ என்று பொருள். பிர்ச்சின் பெயரோடு நமக்கும் ஓர் உறவு உண்டு. அந்த ஆங்கிலச் சொல்லும், பழைய ஏடுகள் எழுதப் பட்டை தந்த இமயமலைப் பூர்ஜ மரத்தின் பெயரும் ஒரே வேரில் கிளைத்தவை.

‘வுட்லேண்ட்’ என்பதும் ‘ஃபாரஸ்ட்’ என்பதும் ஒன்றுதானே என்று கேட்கலாம். இல்லை, ஸ்காட்லாந்தில் இது நன்றாகவே இடறும். வரைபடத்தில் ‘ஃபாரஸ்ட் ஆஃப் ஆத்தல்’ என்று இருப்பதைப் பார்த்து நிழல் தேடிப் போனால், கண்ணுக்கெட்டிய தூரம் மொட்டை மலையும் ஹெதர் புதரும்தான். காரணம், ஃபாரஸ்ட் என்பது முதலில் சட்டச் சொல். மன்னரும் பிரபுக்களும் வேட்டையாட ஒதுக்கிவைத்த நிலம். மரம் இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. ‘டீர் ஃபாரஸ்ட்’ என்று அங்கே சொல்வது மான் வேட்டை நிலத்தைத்தான். நமக்கு இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. கொங்கு நாட்டில் ‘காட்டுக்குப் போறேன்’ என்றால் மானாவாரி நிலத்துக்குப் போவதாக அர்த்தம்.

‘ஏன்ஷியன்ட் வுட்லேண்ட்’ என்று இன்னொரு தொடர் வரும். பழமை என்றால் எவ்வளவு பழமை என்பதற்கு ஓர் ஆண்டுக் கோடு வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1600, ஸ்காட்லாந்தில் 1750. அதற்கு முன்பிருந்தே தொடர்ந்து காடாக இருந்தால் அது தொன்மையானது. இந்த 1750-க்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1746 கலோடன் போரில் ஹைலேண்ட் எனப்படும் ஸ்காட்லாந்து மலைநாட்டின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. மறுபடி அப்படி நடந்தால் படையை எந்த வழியில் கொண்டுபோவது என்று அறிய, 1747-இலிருந்து 1755 வரை நில அளவையாளர் வில்லியம் ராய் முதலானோர் ராணுவ வரைபடம் தயாரித்தார்கள். அதில் காடுகளும் வரையப்பட்டிருந்தன. சிப்பாய்களுக்காகப் போட்ட படம் இன்று மரங்களுக்கு வயதுச் சான்றிதழ். இதைத் தமிழில் ‘தொல்காடு’ என்பது பொருந்தும். அழகாக இருக்கிறதே என்று ‘முதுகாடு’ என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். அது சுடுகாடு.

அப்படியானால் ‘வுட்லேண்ட்’ என்பதற்குச் ‘சோலை’ சரியா? எனக்கு அந்தச் சொல்மேல் ஆசை உண்டு. மாஞ்சோலை, பூஞ்சோலை என்று நட்டு வளர்த்ததையும் அது குறிக்கும் என்பதுதான் சிக்கல். ஆனால் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சோலை என்பது புல்வெளி மலைகளின் மடிப்பில் தானாக வளர்ந்த அடர்ந்த சிறு காடு. ஆங்கிலத் தாவரவியலே அந்தப் பெயரை நம்மிடமிருந்துதான் எடுத்துக்கொண்டது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், சூனார்ட் கடற்கழிப் பக்கமும் டெய்னிஷ் என்ற இடத்திலும், இருக்கும் ஓக் காடுகளுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். மழையும் கடல் ஈரமும் ஓயாத இடம். முறுக்கிக்கொண்ட கிளை முழுக்கப் பாசி, பாசிமேல் பெரணி, பட்டையில் நுரையீரல் போல மடிந்து கிடக்கும் பச்சை லைக்கன். பைன் காடு அப்படியல்ல. மரத்துக்கு மரம் இடைவெளி விட்டு நிற்கும், மேல்பகுதிப் பட்டை செம்பு நிறத்தில் வெயிலில் மின்னும். தரையில் பிளேபெரிச் செடி, நடுவே ஊசியிலைகளைக் கூட்டிச் சேர்த்து எறும்புகள் கட்டிய குவியல்கள். இதைச் சோலை என்றால் ஒட்டாது. ஆக, பொதுவாக எழுதும்போது ‘நாட்டுமரக் காடு’. மேற்குக்கரை ஓக் காட்டுக்கு மட்டும் ‘சோலை’ அல்லது ‘சோலைக்காடு’. இதுவே என் தேர்வு.

இந்தக் காடுகளுக்குள் நடந்து போக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 2003 நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்கிற எவருக்கும் தனியார் நிலத்தில்கூட நடமாடும் உரிமை தந்திருக்கிறது. கோடையில் மிட்ஜ் எனப்படும் பொடிக்கொசுவும், புல்லில் உண்ணியும் இருக்கும், முழுக்கால் சட்டை நல்லது. வசந்தத்தில் நாயைக் கூட்டிப்போனால் கயிற்றைக் கையில் பிடித்திருக்க வேண்டும். காரணம் கேப்பர்கெய்லி என்ற பெரிய காட்டுக்கோழி. தரையில் முட்டையிடும் பறவை. பிரிட்டனில் 18-ஆம் நூற்றாண்டில் அற்றுப்போய், 1837-இல் ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. அதுவும் இப்போது சில நூறுகளாகச் சுருங்கிவிட்டது. மான் மேய்ந்துவிடாமல் பைன் கன்றுகளைக் காக்க வேலி போட்டார்கள். தாழப் பறக்கும் கேப்பர்கெய்லி அந்த வேலிக் கம்பியில் மோதிச் செத்தது. அதனால் பல இடங்களில் வேலியை எடுத்துவிட்டு மானைச் சுட்டுக் குறைக்கிறார்கள். பறவையின் பெயரிலும் அந்தக் ‘கொல்யெ’ ஒளிந்திருக்கிறது: கேலிக்கில் ‘காட்டின் குதிரை’. தமிழில் ‘காட்டுக்குதிரை’ என்று எழுதினால் வாசகர் வேறு விலங்கைத் தேடிப் போய்விடுவார். கேப்பர்கெய்லி என்றே எழுதிவிடுவது மேல்.