பட்டியிலும் பெட்டியிலும் ஒரே ரத்தம்

ஒடுகத்தூர் சந்தையில் பொலிகிடா, அதாவது இனப்பெருக்கத்துக்கு விடும் ஆண் ஆடு, வாங்க வருகிறவர் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார், முதுகைத் தடவிப் பார்ப்பார், விதை இரண்டும் ஒரே அளவில் இறங்கியிருக்கிறதா என்று பிடித்துப் பார்ப்பார். எல்லாம் சரியான சோதனைதான். பெரும்பாலும் விட்டுப்போவது ஒரு கேள்வி: இது எந்தப் பட்டியில் பிறந்தது, இதன் தகப்பன் எது? பழைய வட ஆற்காட்டுப் பக்கம் மேயும் மெட்ராஸ் சிவப்புச் செம்மறியில், இதைக் கேட்காமல் சொந்த ரத்தத்திலேயே சேர்த்துவிட்டதன் விலை தெரிய நான்கைந்து வருடம் ஆகும். தேன்பெட்டியில் அதே தவறு பத்து நாளில் அடையில் தெரிந்துவிடும்.

முதலில் ஆடு. ஒவ்வொரு மரபணுவும் ஆட்டின் உடலில் இரண்டு பிரதியாக இருக்கிறது, தாய் வழி ஒன்று, தகப்பன் வழி ஒன்று. ஒரு பிரதி பழுதானாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும், அதனால் பழுது வெளியே தெரியாமல் தலைமுறை தலைமுறையாக ஒளிந்து வரும். கிடா தன் மகளோடு சேர்ந்து பிறக்கும் குட்டியில், இரண்டு பிரதியும் ஒரே மூலத்தின் நகலாக அமைய 25 சதவீத வாய்ப்பு. தகப்பன் ஒன்று, தாய் வேறு என்ற கிடாவும் பெட்டையும் சேர்ந்தால் 12.5 சதவீதம். தாய்மாமனுக்கே பெண் கொடுத்தால் பிறக்கும் குழந்தைக்கும் இதே 12.5 தான். வீட்டில் ஒரு தலைமுறையோடு அது நின்றுவிடலாம். பட்டியில் பிறந்த கிடாவையே அடுத்த பொலிகிடாவாக நிறுத்துகிறவர் அதை ஒவ்வொரு தலைமுறைக்கும் திரும்பச் செய்கிறார்.

30 பெட்டைக்கு ஒரு கிடா என்றால், மரபு வழியில் அந்தப் பட்டி 31 ஆடு கொண்டதல்ல. கிடா எண்ணிக்கையையும் பெட்டை எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்த ஆட்டு எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் உண்மையான அளவு: 120 வகுத்தல் 31, அதாவது நான்குகூட இல்லை. கிடா இரண்டானால் அது ஏழரை ஆகிறது. பெட்டையை 60 ஆக்கினாலும் ஒற்றைக் கிடா இருக்கும்வரை நான்கைத் தாண்டாது. பட்டியின் மரபைக் குறுக்குவது கிடாதான்.

விளைவு ஒரு நோயைப் போல வந்து நிற்காது. குட்டி கொஞ்சம் இளைத்துப் பிறக்கும், எழுந்து மடி தேடத் தாமதமாகும், அதனால் சீம்பால் பிந்தும், முதல் வாரத்தில் சாவு கூடும். பிழைத்தவை மூன்று மாதத்தில் வர வேண்டிய எடைக்கு வராது. இந்த அறிகுறிகளில் எதற்கும் வேறு காரணமும் உண்டு. குடற்புழுவும், சினையின் கடைசி ஒன்றரை மாதத்தில் தாய்க்குத் தீவனம் போதாததும் அச்சாக இதையே காட்டும். ரத்தத்தின் மேல் பழி போடும் முன் அவற்றை விலக்கிவிட வேண்டும்.

சினை பிடிக்காமல் போவதில் இந்த ஊர் வெயிலுக்கும் பங்கு உண்டு. விதைகள் உடல் சூட்டைவிட நான்கைந்து டிகிரி குறைவாக இருந்தால்தான் விந்தணு சரியாக உருவாகும். சித்திரை, வைகாசியில் 40 டிகிரி தாண்டும் வேலூரில் மதிய நிழல் கிடைக்காத கிடாவும், மழைக்காலத்தில் நீலநாக்கு நோயில் காய்ச்சல் கண்டு தேறிய கிடாவும் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், பெட்டையைத் தாண்டவும், அதாவது ஏறிச் சேரவும் செய்யும். ஆனால் ஒரு விந்தணு உருவாகச் சுமார் ஏழு வாரம், வெளியேறும் பாதையில் முதிர மேலும் இரண்டு வாரம். அதனால் இன்றைய சூட்டின் பாதிப்பு இரண்டு மாதம்வரை நீளும். கண்டுபிடிக்க எளிய வழி காவி. காவியை எண்ணெயில் குழைத்துக் கிடாவின் நெஞ்சில் பூசிவிட்டால், தாண்டிய பெட்டையின் இடுப்பில் தடம் விழும். பருவச் சுழற்சி 17 நாள். 16ஆம் நாள் நிறத்தை மாற்றிப் பூச வேண்டும். ஒரே பெட்டையின் மேல் இரண்டாம் நிறம் விழுந்தால் முதல் சேர்க்கை பிடிக்கவில்லை என்று பொருள். பாதிப் பெட்டைகளில் இரண்டு நிறமும் இருந்தால் கிடாவைச் சந்தேகிக்கலாம். ஒன்றிரண்டில் மட்டும் என்றால் கோளாறு பெட்டையில்.

கிடாவை எப்போது மாற்றுவது? இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று பொதுவாகச் சொல்வார்கள். கணக்குப் போட்டால் அது தாமதம். ஆடியில் கிடா விட்டால், 150 நாள் சினைக்குப் பிறகு மார்கழியில் குட்டி. அந்தப் பெண்குட்டி 9 முதல் 12 மாதத்தில் பருவத்துக்கு வரும். ஆக, கிடா விட்ட 14 முதல் 17 மாதத்துக்குள் அதன் சொந்த மகள்கள் அதன் முன்னால் நிற்கிறார்கள். 14ஆம் மாதத்துக்குள் மாற்றுவதுதான் சரி, அல்லது மகள்களைத் தனியே அடைக்க வேண்டும். ஆண்குட்டிகளை நான்கு மாதத்தில் பிரிக்காவிட்டாலும் இதே கதைதான், ஆறு மாதத்தில் அது தாயையே சினையாக்கும். பக்கத்துப் பக்கத்தில் மூன்று பட்டி இருந்தால் காசு செலவில்லாத ஏற்பாடு ஒன்று உண்டு: முதல் பட்டியில் பிறந்த கிடா இரண்டாவதுக்கு, இரண்டாவதில் பிறந்தது மூன்றாவதுக்கு, மூன்றாவதில் பிறந்தது முதலாவதுக்கு. திசை மாறக் கூடாது. இரவில் மூன்று பட்டியையும் ஒரே கிடையில் அடைத்தால் எல்லாம் வீண்.

தேனீயில் கதை வேறு மாதிரி. கருவுறாத முட்டையிலிருந்து ஆண் தேனீ வருகிறது என்பதை 1845இல் யான் ஜியர்சோன் என்ற பாதிரியார் சொன்னார். ஆணுக்குத் தகப்பன் கிடையாது, மரபணுவில் ஒரே பிரதிதான். பழுதான பிரதி இருந்தால் மறைக்க இரண்டாவது இல்லை, அந்த ஆண் பறக்கும் முன்பே கழிந்துபோகும். ஆட்டில் ஒளிந்து கிடக்கும் பழுதைத் தேனீயில் ஆண்கள் சல்லடை போலச் சலித்துவிடுகின்றன. அப்படியானால் தேனீயில் சொந்த ரத்தம் பாதிக்காதா? ஒரே ஓர் இடத்தில் கடுமையாகப் பாதிக்கிறது, ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் மரபணுவில். 2003இல் அடையாளம் காணப்பட்ட அந்த மரபணுவுக்குப் பல வடிவங்கள் உண்டு. கருவுற்ற முட்டையில் இரண்டு வேறு வடிவங்கள் சேர்ந்தால் பெண். இரண்டும் ஒன்றாகிவிட்டால், கருவுற்றிருந்தும் ஆண். பயனற்ற அந்த ஆண் புழுவை, பொரித்த ஓரிரு நாளில் வேலைக்காரத் தேனீக்களே தின்றுவிடும். ராணி தன் தாய்க்குப் பிறந்த ஆணோடு சேர்ந்தால், அந்தச் சேர்க்கையில் கருவுற்ற முட்டைகளில் சராசரியாக 25 சதவீதம் இப்படிப் போகும். ஆட்டில் தகப்பன்–மகள் கணக்கில் வந்த அதே 25.

இதை அடையில் எண்ணியே பார்க்கலாம். பக்கத்துக்குப் பத்து அறை வரும்படி ஓர் அட்டையில் சாய்சதுரமாகச் சன்னல் வெட்டி, தேனீக்கள் மெழுகால் மூடிய புழு அடையின் நடுவில் வைத்தால் உள்ளே 100 அறை. மூடாத அறைகளை எண்ண வேண்டும். பத்துக்குக் கீழே என்றால் கவலையில்லை. இருபதைத் தாண்டினால், மூடிய அறைகளுக்கு நடுவே முட்டையும் இளம்புழுவும் காலியும் கலந்து கிடந்தால், சொந்த ரத்தச் சந்தேகம் வலுவானது. புழு பை போல நீர்கோத்து அறைக்குள் செத்துக் கிடந்தால் அது பைப்புழு நோய். சொந்த ரத்தத்தில் பிணம் இருக்காது, அறை சுத்தமாகக் காலியாக இருக்கும். இந்தியத் தேனீயின் ஆண் அறை மூடியின் நடுவில் ஊசி முனை அளவு துளை இருக்கும், அந்த அறைகளை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

யாருக்கு இது நிஜமான தொல்லை? ஜவ்வாது மலை, ஏலகிரி அடிவாரத்தில் இந்தியத் தேனீ வைத்திருப்பவருக்குக் குறைவு. மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் உள்ள காட்டுக் கூடுகள் புது ஆண்களை அனுப்பிக்கொண்டே இருக்கும், ராணி பறக்கும்போது பத்துக்கும் மேற்பட்ட ஆண்களோடு சேரும். சமவெளியில் இத்தாலியத் தேனீ வைத்திருப்பவர்தான் மாட்டிக்கொள்கிறார். அதற்கு இங்கே காட்டுக் கூடு இல்லை, சுற்றுவட்டாரத்தில் பறக்கும் ஆண்கள் எல்லாம் பெட்டியில் பிறந்தவை. ஒரே பெட்டியைப் பிரித்துப் பிரித்துப் பத்தாக்கியவரிடம் பத்து பெட்டி இருந்தாலும் ரத்தம் ஒன்றுதான்.

அடை இப்படிப் பொக்கையாகத் தெரிந்தால் ராணியை எடுத்துவிட்டு, வேறிடத்திலிருந்து வாங்கிய பெட்டியிலிருந்து முட்டை உள்ள அடைச் சட்டம் ஒன்றை உள்ளே வைக்க வேண்டும். ஐந்தாறு நாள் கழித்துத் திறந்து, தேனீக்கள் தங்கள் சொந்தச் சட்டத்தில் கட்டிய ராணி அறைகளை வெட்டிவிட்டு, கொடுத்த சட்டத்தில் ஒன்றிரண்டை மட்டும் விட வேண்டும். பலரும் தவறவிடுவது இந்த வெட்டைத்தான், பழைய ராணியின் மகளே மறுபடி ராணியாகிவிடும். ராணி வெளிவர முட்டையிலிருந்து 16 நாள், பறந்து சேர்ந்து முட்டையிடத் தொடங்க மேலும் பத்து நாள் போல, அந்த முட்டைகள் மூடிய அறையாக இன்னும் ஒன்பது நாள். சட்டம் வைத்து 40 நாள் கழித்து அதே அட்டையை வைத்து எண்ணலாம்.