பெறுமாதத்தில் படலையில் நிற்பவர்

பெறுமாதத்தில், அதாவது பிரசவம் நெருங்கும் கடைசி மாதத்தில், இருக்கும் பெண்ணைப் பார்க்க வீட்டுக்குப் போனால், பல வீடுகளில் எனக்குப் படலையைத் திறந்துவிடுபவர் அவளுடைய கணவர்தான். “மிஸ் வந்திருக்கா” என்று உள்ளே ஒரு குரல் கொடுப்பார். நான் விறாந்தைக் கதிரையில் இருந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணாது. கிணற்றடியிலோ மோட்டார் சைக்கிளடியிலோ நிற்பார். குடும்பநல உத்தியோகத்தராக (ஊருக்குள் வீடு வீடாகப் போகும் மருத்துவிச்சி) மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில் வேலை தொடங்கிய காலத்தில் நானும் அவரைத் தேடியதில்லை. எனக்குத் தாயும் அவளுடைய கிளினிக் அட்டையும் போதுமாக இருந்தன. அது என் பிழை.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெரும்பாலும் பெண் வீட்டுக்குத்தான் வாழப் போகிறார். மாமி, மனைவியின் அக்கா, பெரியம்மா எல்லாரும் அதே வளவில், இல்லாவிட்டால் அடுத்த வளவில். கர்ப்பிணிக்கு இது பெரிய பலம். ஆனால் கடைசி வாரங்களில் அந்தப் பெண்கள் எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொள்ள, தகப்பனாகப் போகிறவருக்கு அந்த வீட்டில் ஒரு வேலையும் மிஞ்சுவதில்லை. “நீங்க போய் வயலைப் பாருங்க” என்பார்கள். அவரும் வட்டைக்குப் போய்விடுவார். போனவர் நிம்மதியாக இருக்கிறார் என்று நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொள்வோம்.

கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு தம்பி. மனைவிக்கு 36ஆவது வாரம், முதல் பிள்ளை. பிரஷர், நிறை எல்லாம் சரி. நான் புறப்படும்போது மாமி மெதுவாகச் சொன்னார்: “மருமகன் ரெண்டு கிழமையா வீட்டில தங்குறதே இல்ல மிஸ். யானைக் காவலுக்கு வேற ஆள் இருந்தாலும் இவர்தான் பரணில போய்ப் படுக்கிறார். குடிக்கிறாரோ என்டும் யோசனையா இருக்கு.”

பின்பக்கம் போய் அவரிடம், “நித்திரை கொள்ளுறீங்களா தம்பி?” என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார், பக்கத்தில் படுத்தால் இவளுக்கு மூச்சு வருகிறதா என்று விடியும்வரை பார்த்துக்கொண்டே கிடக்கிறாராம். அதைத் தாங்க முடியாமல்தான் பரணுக்குப் போகிறாராம்.

அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மூத்த அக்காவுக்கு இரவில் வலி கண்டிருக்கிறது. அப்போது மண்முனையில் பாலம் இல்லை. வாவியைக் கடக்கப் ‘பாதை’யில்தான் போகவேண்டும், வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு போகும் மிதவையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இரவில் பாதை ஓடாது. யுத்தகாலம் வேறு. விடியும்வரை துறையில் காத்துக் கிடந்தார்கள். அக்கா தப்பினார், பிள்ளை தப்பவில்லை. மண்முனைப் பாலம் 2014இல் திறந்தாயிற்று. இவரும் அதில்தான் நித்தம் போய்வருகிறார். ஆனால் கண்ணை மூடினால் இன்னும் அந்தத் துறைதான் தெரிகிறது.

மனைவியின் கர்ப்பகாலத்திலும் பிள்ளை பிறந்த பிறகு வரும் மாதங்களிலும் தகப்பன்மாரில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருவதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆண்களில் அது அழுகையாக வெளிவருவது குறைவு. சிடுசிடுப்பாக வரும், குடியாக வரும், வீட்டில் தங்காமல் ஒதுங்குவதாக வரும். அதைப் பார்த்து “பொறுப்பில்லாதவன்” என்று சொல்லிவிடுகிறோம். தயவுசெய்து அப்படிச் சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையும் சாப்பாடும் குழம்பிக் கிடந்தால் வைத்தியரிடம் கதைக்க வேண்டும். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம்.

அந்தத் தம்பிக்குப் “பயப்படாதீங்க” என்று நான் சொல்லவில்லை. சொன்னால் பயம் போய்விடுமா? வேலை கொடுத்தேன்.

முதலாவது, பிள்ளையின் அசைவு. “பெறுமாதத்தில் பிள்ளை அடங்கிவிடும்” என்று எங்கள் வீடுகளில் ஒரு கதை இருக்கிறது. என் அனுபவத்தில் இதைவிட ஆபத்தான கதை வேறில்லை. கடைசி வாரங்களில் இடம் குறைவதால் உதைப்பது போய், உருள்வதும் நீட்டுவதுமாக அசைவின் விதம் மாறலாம். ஆனால் அசைவு குறையக் கூடாது. இத்தனை தடவை அசைய வேண்டும் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கணக்குச் சொல்ல முடியாது; உங்கள் பிள்ளை வழமையாக எப்படி அசையும் என்பதைத் தெரிந்துவைத்திருப்பதே கணக்கு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மனைவி ஒருக்களித்துப் படுத்திருக்க, வயிற்றில் கையை வைத்துப் பாருங்கள். இன்றைக்கு எப்படி இருந்தது என்று அவளிடம் கேளுங்கள். வழமையைவிடக் குறைவு என்று அவள் சொன்னால், இனிப்புத் தண்ணீர் குடித்துப் பார்ப்போம், விடியட்டும் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம். அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அதுபோலவே காத்திருக்கக் கூடாத வேறு சிலவும் இருக்கின்றன. இரத்தம் படுவது, பன்னீர்க்குடம் உடைந்து தண்ணீர் போவது (வலி இல்லாவிட்டாலும், அது பச்சையாக இருந்தால் இன்னும் அவசரமாக), விடாத தலையிடி, கண் மங்குவது, மேல்வயிற்றில் நோ, முகமும் கையும் திடீரென வீங்குவது, காய்ச்சல், வலிப்பு. தலையிடியையும் வீக்கத்தையும் “பெறுமாதம்தானே” என்று விடுகிறவர்கள் அதிகம். அது பிரஷர் ஏறுவதாக இருக்கலாம்.

இரண்டாவது, வழி. கிளினிக் அட்டையில் எழுதியிருக்கும் திகதி, கடைசி மாதவிடாயிலிருந்து 280 நாளைக் கூட்டிப் போட்டது. அந்த நாளிலேயே பிறக்கும் பிள்ளைகள் நூற்றுக்கு நாலைந்துதான். ஆகவே அந்தத் திகதிக்கு மட்டும் லீவு போட்டுவைத்தால் சரிவராது. 37ஆவது வாரத்திலிருந்தே ஆயத்தமாக இருக்க வேண்டும். அரச உத்தியோகத்தில் இருப்பவருக்குத் தந்தையர் விடுமுறை 3 நாள் உண்டு, கூலிக்குப் போகிறவருக்கு அதுவும் இல்லை. அதனால் கையில் கொஞ்சக் காசும், கூப்பிட்டால் வரக்கூடிய இரண்டு ஓட்டோக்காரரின் இலக்கமும் இப்போதே இருக்கட்டும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். படுவான்கரையின் உள்வீதிகளில் வீட்டு இலக்கம் உதவாது. எந்தக் கோயிலடி, எந்தச் சந்தி என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். மார்கழி மழையில் வீதி மூழ்கும் ஊர் என்றால், 37 வாரம் ஆனதும் வாவிக்கு அக்கரையில் சொந்தக்காரர் வீட்டுக்கு மனைவியைக் கூட்டிப் போங்கள். அப்படி யாரும் இல்லாவிட்டால் எங்களிடம் சொல்லுங்கள், முன்கூட்டியே வாட்டில் சேர்க்க ஒழுங்கு செய்யலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பையில் என்ன வைப்பது என்பது மாமிமாருக்கு நன்றாகத் தெரியும். கிளினிக் அட்டையும் அடையாள அட்டையும் மேலே இருந்தால் போதும்.

பிரசவ அறைக்குள் கணவர் போகலாமா என்று கேட்கிறார்கள். அரச ஆஸ்பத்திரிகளில் பல தாய்மார் ஒரே இடத்தில் இருப்பதால் பெரும்பாலும் ஒரு பெண் துணையைத்தான் விடுவார்கள். யார் போவது என்று இருவரும் முன்கூட்டியே கதைத்து முடிவெடுங்கள். மனைவி தன் அக்காவை விரும்பினால் அதில் மனம் நோக வேண்டாம்.

அந்தத் தம்பி பரணை விட்டு வீட்டுக்கு வந்தார். மாமியோடும் நான் கதைத்தேன். அவருக்கு இந்த அக்காவின் கதையே தெரிந்திருக்கவில்லை. 38ஆவது வாரத்தில் ஒரு நாள் இரவு பத்தரைக்குப் பிறகு போன் அடித்தது. “மிஸ், பின்னேரத்திலிருந்து அசைவு குறைவு என்டு சொல்றா. மாமி விடியட்டும் என்டா. நான் கூட்டிப் போறன்.” எனக்குச் சொல்லத்தான் எடுத்தார், கேட்பதற்கு இல்லை. ஓட்டோ ஏற்கெனவே படலையில் நின்றது, சத்தம் கேட்டது. அன்றிரவு ஆஸ்பத்திரியில் பிள்ளையின் இதயத் துடிப்பைப் பார்த்துவிட்டு, மனைவியை வாட்டில் வைத்துக்கொண்டார்கள். அடுத்த நாள் மத்தியானம் பெண்பிள்ளை.

18 மாத ஊசிக்கு மகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர்தான். காய்ச்சல் வந்தால் எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருதரம் மருந்து கொடுக்க வேண்டும் என்று கேட்டு, சேர்ட் பையிலிருந்து பேனையை எடுத்து ஒரு துண்டில் எழுதிக்கொண்டார்.