வால்வு இருந்தது, மூடவில்லை

இரவு பதினொன்றரைக்கு போன். மாடி வீட்டில் ஃப்ளஷ் டேங்குக்குப் போகும் ஹோஸ் நட்டோடு பிய்ந்துகொண்டு தண்ணீர் பீய்ச்சியடிக்கிறது. "ஆங்கிள் காக்கை மூடுங்க சார்" என்றேன். ஹோஸ் மாட்டியிருக்கும் சுவரோரச் சின்ன வால்வு அது. "மூடிட்டேன்ப்பா, நிக்க மாட்டேங்குது." சரி, மொட்டை மாடியில் டேங்கிலிருந்து இறங்கும் குழாயில் கேட் வால்வு இருக்குமே? அதன் சக்கரம் எவ்வளவு திருகினாலும் சும்மா சுற்றுகிறதாம். நான் போய்ச் சேர்வதற்குள் ஆயிரம் லிட்டர் டேங்க் காலி. கூடத்தில் ரப்பர் செருப்பு மிதந்தது.

கேட் வால்வுக்குள் ஒரு தகடு இறங்கி அடிப்பள்ளத்தில் உட்கார வேண்டும். போர் தண்ணீரில் உப்புப் படிந்து பள்ளம் தூர்ந்துபோனால் தகடு முழுசாக இறங்காது. பலம் போட்டுத் திருகினால் தண்டு தகட்டை விட்டுக் கழன்றுவிடும். அதனால் நான் பால் வால்வுதான் (உள்ளே துளையுள்ள உருண்டை திரும்பும் வகை) போடுகிறேன். கால் சுற்றில் மூடும். கைப்பிடி குழாயோடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. இருட்டிலும் தடவிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஆனால் வருஷக்கணக்கில் தொடாமல் விட்டால் இதுவும் இறுகிவிடும். அவசரத்தில் இழுத்தால் பிளாஸ்டிக் கைப்பிடி மட்டும் கையோடு வரும். மாதம் ஒருமுறை மூடித் திறந்து வையுங்கள்.

ஒவ்வொரு பாத்ரூமுக்கும் தனி வால்வு வேண்டும், அதுவும் கைக்கு எட்டும் உயரத்தில். லாஃப்ட்டுக்கு மேலே வைத்தால் ஏணி தேடுவதற்குள் வீடு நனைந்துவிடும். சுவருக்குள் புதைக்கும் கன்சீல்டு வால்வு என்றால், உள்பாகம் உங்கள் ஊர்க் கடையிலேயே கிடைக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். உள்பாகத்தை வெளியிலிருந்தே மாற்றிவிடலாம். வால்வின் உடம்பை மாற்ற டைல்ஸை உடைக்க வேண்டும். ஃப்ளஷ் டேங்குக்கும் ஹெல்த் ஃபாசெட்டுக்கும் (டாய்லெட் பக்கத்துக் கைஷவர்) சேர்த்து டூ-வே ஆங்கிள் காக் போடுபவர்கள் இரண்டு குமிழ் உள்ளதாகப் பாருங்கள். ஒற்றைக் குமிழ் என்றால் ஒன்று ஒழுகினாலும் இரண்டையும் மூட வேண்டியதுதான்.

சுவரை வெட்டும்போதே வால் மிக்சருக்கு (சுடுதண்ணீரையும் பச்சைத்தண்ணீரையும் கலந்து தரும் சுவர்க் குழாய்) இரண்டு முனைக்கும் நடுவே 6 அங்குலம், சுடுதண்ணீர் இடது பக்கம். இதில் எனக்குச் சண்டை வருவது கொத்தனாரோடுதான்: குழாயில் அழுத்தம் ஏற்றி ஒழுகுகிறதா என்று பார்க்கும் பிரஷர் டெஸ்ட் முடியாமல் பூசாதீர்கள் என்பேன், அவருக்கு அவசரம். பூசுமுன் அளவு டேப்பை விரித்துவைத்து ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுங்கள். டவல் ராடு மாட்ட ட்ரில் போட்டு சுடுதண்ணீர்க் குழாயையே ஓட்டை போட்ட வீடுகளுக்கும் போய் வந்திருக்கிறேன்.

அந்த மாடி வீட்டில் மறுநாள் மூன்று பால் வால்வு போட்டோம். வீட்டம்மா மார்க்கர் பேனாவை எடுத்து வந்து ஒவ்வொன்றுக்கும் மேலே எந்த பாத்ரூம் என்று எழுதிவைத்தார்.